பொறுப்பில் இருப்பவர்களின் தினசரி தியான அமர்வு: கேள்வி பதில்

பள்ளித் தலைமையாசிரியர்: எவ்வளவு நேரம், எப்படி உட்காருவது?

காலையில் 20 நிமிடம், இரவில் 10. காலை அமர்வு போனைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தரையில் உட்கார்ந்தால் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, இடுப்பு முட்டியைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி அமருங்கள். நாற்காலியும் சரிதான், முதுகு சாயக்கூடாது. மூச்சு நாசியில் உரசும் இடத்தைக் கவனியுங்கள். மனம் ஓடியதைக் கண்டுபிடிக்கிற நொடிதான் பயிற்சி. தாமதமாக வந்த ஆசிரியரிடம் வார்த்தை வெளியே விழுமுன் உங்களைத் தடுப்பதும் அதே நொடிதான். போனில் அலாரம் வேண்டாம், மேசைக் கடிகாரம் போதும்.

உட்கார்ந்ததும் மீட்டிங்தான் ஓடுகிறது. குறித்து வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பேனா பக்கத்தில் இருந்தால் 20 நிமிடமும் திட்டமிடுதலாகிவிடும். முக்கியமானது எழுந்த பிறகும் நினைவுக்கு வரும்.

ஆலை மேலாளர்: எல்லார் முன்னாலும் கத்திவிடுகிறேன். மூச்சைக் கவனித்தால் மாறுமா?

அது மட்டும் போதாது. உங்களுக்குக் கணக்குத்தான் வேண்டும். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார், 1548-ல் அச்சான தம் பயிற்சி நூலில் ஒரு வழி தருகிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோபம்' என்று பொதுவாக வேண்டாம். 'பிறர் முன்னால் குரல் உயர்த்துவது' என்று எண்ணக்கூடியதாக இருக்கட்டும். காலையில் எழுந்ததும் அதை மனதில் நிறுத்துங்கள். தவறும்போதெல்லாம் கையை நெஞ்சில் வையுங்கள். கூட்டத்தின் நடுவிலும் யாருக்கும் தெரியாது. தாளில் நாளுக்கு இரண்டு கோடுகள். மதிய உணவுக்குப் பின் முதல் கோட்டில், இரவு உணவுக்குப் பின் இரண்டாவதில், தவறிய தடவைக்கு ஒரு புள்ளி. மதியத்தை இரவோடும், இன்றை நேற்றோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிடுங்கள்.

முதல் வாரம் புள்ளிகள் கூடலாம். கவனம் கூடியதன் விளைவு அது, பயந்து நிறுத்தாதீர்கள். எல்லாப் புள்ளியும் இரண்டாவது கோட்டிலேயே விழுந்தால் பசியையும் களைப்பையும் பாருங்கள். இந்தத் தாளைப் போனில் வைக்காதீர்கள்.

இது கிறிஸ்தவ முறை. நமக்கு எதற்கு?

இன்னொருவர்: குறளில் இல்லாததா?

இருவருக்கும் சேர்த்து. பகலில் செய்ததை இரவில் தனக்குத்தானே விசாரிக்கும் வழக்கத்தை ரோமில் தத்துவஞானி செனெக்கா கடைப்பிடித்தார், அவர் கிறிஸ்தவர் அல்லர். குறளில் 'குற்றங்கடிதல்' பொருட்பாலில், அரசியலில் வருகிறது. தன் குற்றத்தை முதலில் நீக்கிப் பிறர் குற்றம் காண்கிற அரசனுக்கு என்ன குற்றம் வரும் என்று கேட்பது 436-ஆம் குறள். தலைவன் முதலில் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதில் மூவரும் ஒன்று. ஆனால் புள்ளியும் கோடும் குறளில் இல்லை. அதற்கு இஞ்ஞாசியாரிடம்தான் போக வேண்டும். அவர் முறையில் கடவுளை வேண்டுகிற பகுதி உங்களுக்கு ஒவ்வாவிட்டால் விடுங்கள், எண்ணிக்கையை விடாதீர்கள்.

காந்தி போல வாரம் ஒரு நாள் மௌனம் போதாதா?

அவருடைய திங்கட்கிழமை மௌனம், தினசரி காலை மாலைப் பிரார்த்தனைக்கு மேல் கூடுதலாக வந்தது. பதிலாக அல்ல.

பதற்றத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போகலாமா?

மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், முகாம் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள்.

நேரமே இல்லை. எத்தனை நிமிடம் போதும்?

முதல் பதிலைப் பாருங்கள். முடியாவிட்டால் காலையை விடுங்கள், இரவு 10 நிமிடத்தை விடாதீர்கள்.

ஊழியர்களுக்கும் கட்டாயமாக்கலாமா?

வேண்டாம். அதிகாரி சொல்லி உட்காருகிறவர் அதிகாரியைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார். உங்கள் புள்ளித்தாளையும் அவர்களிடம் காட்டாதீர்கள்.