தண்டவாளத்தின் மேல் ஓடிய படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ரயில் வரும் படங்களில் உங்கள் மனத்தில் நின்றவை எவை என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பதில்களைக் காட்டிலும் எதிர்க்கேள்விகளே மிகுதியாக வந்திருக்கின்றன. இடம் உள்ள அளவுக்கு அவற்றுள் சில இங்கே.

கேள்வி: ரயில் படங்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள்? (ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு, விழுப்புரம்)

பதில்: தயக்கமே இல்லாமல் பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்'. 1926-ல் எடுக்கப்பட்ட மௌனப் படம் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தில், பயணிகள் காலை உணவுக்காக இறங்கியிருந்த நேரம் பார்த்து வடக்குப் படையின் ஆட்கள் 'ஜெனரல்' என்ற எஞ்சினைக் கடத்திக்கொண்டு போனார்கள். அந்த ரயிலின் கண்டக்டர் முதலில் கால்நடையாகவும், பிறகு தள்ளுவண்டியிலும், அதன்பின் வழியில் கிடைத்த எஞ்சின்களிலுமாக அவர்களை விரட்டினார். நடந்த கதை இது. கீட்டன் விரட்டுகிறவரை எஞ்சின் டிரைவராக மாற்றி, அந்த வேடத்தைத் தாமே ஏற்றார்.

ரயிலால் ஒதுங்க முடியாது, வளைந்து தப்ப முடியாது, நினைத்த இடத்தில் திரும்பவும் முடியாது. படத்தின் நகைச்சுவை முழுவதும் இந்த இயலாமையிலிருந்து பிறக்கிறது என்பதுதான் எனக்கு இதைப் பிடித்துப்போனதற்குக் காரணம். ஓடும் எஞ்சினின் முன்பக்கக் கம்பித் தடுப்பில் கீட்டன் உட்கார்ந்திருக்கிறார்; கைகளில் கனத்த ஸ்லீப்பர் கட்டை ஒன்று. எதிரே தண்டவாளத்தின் குறுக்கே இன்னொரு கட்டை கிடக்கிறது. இறங்கி எடுக்க நேரமில்லை. கையிலிருப்பதை அதன் ஒரு முனையில் எறிகிறார். கீழே கிடந்தது எம்பி, இரண்டும் சேர்ந்து பாதையை விட்டு விழுகின்றன. இன்னொரு காட்சியில், காதலி ஒதுக்கிவிட்ட துயரத்தில், சக்கரங்களைப் பிணைக்கும் இரும்புத் தண்டின் மேல் வந்து உட்காருகிறார். எஞ்சின் மெல்லப் புறப்பட, தண்டோடு அவரும் ஏறி இறங்கிக்கொண்டே கொட்டகைக்குள் போகிறார். நகர்கிறோம் என்பதே அவருக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிகிறது. சக்கரம் ஒருமுறை வழுக்கிச் சுழன்றிருந்தால் நடிகரின் கதி என்னவாகியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எரியும் பாலத்தோடு எஞ்சின் ஆற்றில் விழுவதும் பொம்மையை வைத்து எடுத்ததன்று. ஒரிகன் மாநிலத்தில் ரோ ஆற்றின் மேல் பாலம் கட்டி, உண்மையான எஞ்சினையே விழவிட்டார்கள். அந்த ஒரு காட்சிக்கு 42,000 டாலர் செலவு என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்புக்குத் தேவை வரும்வரை அது ஆற்றிலேயே கிடந்தது. இவ்வளவு செய்தும் படம் வசூலில் தோற்றது.

கேள்வி: லூமியேர் சகோதரர்களின் ரயில் படத்தைப் பார்த்தவர்கள், ரயில் தங்கள் மேல் ஏறிவிடும் என்று பயந்து ஓடினார்களாமே? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: நல்ல கதைதான், ஆனால் நம்பத்தக்க சான்று இல்லை என்பதே இன்றைய திரைப்பட வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. பிரான்சின் லா சியோட்டா நிலையத்தில் ரயில் வந்து நிற்கும் அந்த 50 விநாடிப் படம், 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் நடந்த புகழ்பெற்ற முதல் காட்சியில் இடம்பெறவும் இல்லை. அடுத்த ஆண்டில்தான் திரைக்கு வந்தது. 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் லூமியேர் படங்கள் காட்டப்பட்டபோது ரயில் வரும் படமும் அவற்றில் ஒன்றாக இருந்தது.

ஓடினார்களா என்பதைவிட எனக்குச் சுவையாகப் படும் செய்தி வேறு. தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்ட சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தவர். 1905-ல் துபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். நம் ஊர் சினிமாவின் பூர்வீகத்தில் ரயில்வே சம்பளம் கொஞ்சம் கலந்திருக்கிறது.

கேள்வி: என் பாட்டனார் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்குப் பார்க்க மனம் வரவில்லை. பார்க்கலாமா? (கிள்ளான், மலேசியா)

பதில்: பார்க்காமல் இருக்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு. 1942–43-ல் ஜப்பானியப் படை தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க அமைத்த அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். அதில் மாண்ட போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு மாண்டார்கள். 1957-ல் வந்த அந்தப் படத்தில் அவர்களின் கதை இல்லை. இருப்பதெல்லாம் ஓர் ஆங்கிலேயக் கர்னலின் பிடிவாதமும், எதிரிக்குக் கட்டிக் கொடுக்கும் பாலத்தின் மேல் அவருக்கு வந்துவிடும் பெருமையும்தான். அந்தப் பித்தைக் காட்டிய விதத்தில் அது பெரிய படம். ஏழு ஆஸ்கர்களும் கிடைத்தன. வரலாறாக எடுத்துக்கொண்டால் கைகொடுக்காது. தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் இன்றும் நிற்கும் பாலம் இரும்பாலும் கான்கிரீட்டாலும் ஆனது. படத்தில் வருவது மரப்பாலம்.

அந்த மரப்பாலம் கட்டப்பட்டது இலங்கையில், கித்துல்கல என்னும் ஊரில், களனி ஆற்றின் மேல். பாலத்தைத் தகர்ப்பதற்கான முதல் முயற்சியில், ஒளிப்பதிவாளர்களுள் ஒருவர் தாம் பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டதாகத் தெரிவிக்கும் சைகையைத் தர மறந்ததால் இயக்குநர் டேவிட் லீன் வெடிக்கச் சொல்லவில்லை. ரயிலோ ஆளில்லாமல் பாலத்தைக் கடந்து அக்கரையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதைத் திரும்ப ஏற்றி நிறுத்திய பிறகே இன்று நாம் பார்க்கும் காட்சி கிடைத்தது.

கேள்வி: எங்கள் மலை ரயிலில் எடுத்த படங்களுள் எது உயர்ந்தது? வீட்டில் 'தைய்ய தைய்யா' பாட்டுக்கே ஓட்டு அதிகம். (இல்லத்தரசி, குன்னூர்)

பதில்: மேலே சொன்ன கித்துல்கலவிலிருந்தே இதற்கும் பதில் தொடங்குகிறது. மட்டக்களப்புக்கு அருகே பிறந்த சிறுவன் ஒருவன் பள்ளிச் சுற்றுலாவின்போது அந்தப் படப்பிடிப்பைப் பார்த்தான். தானும் இயக்குநராவது என்று அங்கேயே முடிவு செய்தான். அவர்தான் பாலு மகேந்திரா. 1982-ல் அவர் எடுத்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி உங்கள் ஊரை அடுத்த கேத்தி நிலையத்தில் நடக்கிறது.

நினைவு திரும்பிவிட்ட பெண் பெட்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்டவன் காயத்தோடும் சேற்றோடும் மழையில் நின்று, அவளைச் சிரிக்கவைத்த பழைய குரங்குச் சேட்டைகளைச் செய்து காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ பைத்தியக்காரன். இந்தக் காட்சியை வேகமான ரயிலில் எடுத்திருந்தால் பாதி வலிதான் மிஞ்சியிருக்கும். மலை ரயில் ஊர்ந்துதான் புறப்படும். நொண்டிக்கொண்டு ஓடுகிறவனும் கொஞ்ச தூரம் அதோடு சேர்ந்து வந்துவிட முடியும் என்பதால், நமக்கும் கடைசி நொடிவரை நம்பிக்கை அறுவதில்லை.

பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1998-ல் மணிரத்னத்துக்காக சந்தோஷ் சிவன் ஓடும் ரயிலின் கூரை மேலேயே அதைப் படமாக்கியதால்தான், சுரங்கத்தின் இருட்டும் தேயிலைச் சரிவின் வெளிச்சமும் தாளத்தோடு மாறி மாறி வருகின்றன. இருந்தாலும் என் ஓட்டு கேத்திக்கே. வீட்டில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரயிலில் நடக்கும் நல்ல மர்மப் படம் ஒன்று சொல்லுங்கள். கொலை, பனி, மீசை வைத்த துப்பறிவாளர் ஆகியவை வேண்டாம்; பார்த்தாயிற்று. (மென்பொருள் பணியாளர், சென்னை)

பதில்: அகிரா குரோசவாவின் 'ஹை அண்ட் லோ', 1963. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் இந்தப் படத்தில் ரயில் வருவது சில நிமிடங்கள்தான். முதல் ஒரு மணி நேரம் ஏறத்தாழ முழுவதும் ஒரு பணக்காரர் வீட்டின் கூடத்தை விட்டு நகர்வதில்லை: தொலைபேசி, இழுத்து மூடிய திரைச்சீலைகள், மறைந்து உட்கார்ந்திருக்கும் போலீசார், தம் மகனுக்குப் பதிலாகக் காரோட்டியின் மகனைக் கடத்தியவனுக்கு மூன்று கோடி யென் கொடுப்பதா என்று குமைந்துகொண்டிருக்கும் முதலாளி. சட்டென்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கொடாமா விரைவு ரயிலின் இரைச்சலுக்குள் தூக்கிப் போடப்படுகிறோம்.

கடத்தியவன் கேட்ட பெட்டிகளின் கனம் 7 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. அது குளிர்சாதன ரயில், ஜன்னல்கள் திறக்கா. கழுவும் அறையின் ஜன்னல் மட்டும் 7 சென்டிமீட்டர் திறக்கும். பாலம் வரும்போது பையன் கண்ணில் படுவான், பாலம் தாண்டியதும் அதன் வழியே பணத்தை எறி என்று ரயிலின் தொலைபேசியில் கட்டளை வருகிறது. வண்டியில் இருக்கும் போலீசாரால் இறங்கவும் முடியாது, ரயிலை நிறுத்தவும் முடியாது. குற்றவாளி அந்த ரயிலைப் படித்தவன்! குரோசவாவும் அப்படியே: உண்மையான ரயிலை வாடகைக்கு எடுத்து, பல கேமராக்களை உள்ளே வைத்து ஒரே ஓட்டத்தில் எடுத்தார்.

கேள்வி: சினிமாவில் ரயிலைத் தவறாகக் காட்டினால் உங்களுக்குக் கோபம் வருமா? (லோகோ பைலட், ஈரோடு)

பதில்: நீராவி எஞ்சினின் ஓசையை மின்சார ரயிலுக்கு ஒட்டுகிறார்களே, அதற்கு வரும். புறப்படும்போது ஒரு நிற எஞ்சினும் ஊர் போய்ச் சேரும்போது வேறு நிற எஞ்சினும் இருந்தால் சிரிப்புதான் வரும். தண்டவாளத்தில் கிடக்கும் கதாநாயகியிடமிருந்து இரண்டடி தள்ளி, முழு வேகத்தில் வந்த ரயில் நிற்கும்போது, உங்களைப் போன்றவர்களை நினைத்துக்கொள்வேன். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும் என்பதை அந்த இயக்குநருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கேள்வி: 'கிழக்கே போகும் ரயில்' பெயரில் மட்டும்தானே ரயில் படம்? (தேனி)

பதில்: இல்லை. 1978-ல் வந்த பாரதிராஜாவின் அந்தப் படத்தில், ஊரை விட்டுப் போன பரஞ்சோதி, பாஞ்சாலிக்கான செய்தியை ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் எழுதி அனுப்புகிறான். அது எவ்வளவு சரியான இடம் என்று பாருங்கள். ரயில் முழுவதும் கடந்துபோன பிறகுதான் அந்த எழுத்துக் கண்ணில் படும். பட்ட கணத்திலிருந்து சிறுத்துக்கொண்டே போகும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் ஓடிக்கொண்டே படிக்க வேண்டும். ரயில்வேயும் தன் செய்தியை அங்கேதான் எழுதி வைத்திருக்கிறது: கடைசிப் பெட்டியின் முதுகில் உள்ள பெரிய பெருக்கல் குறியைப் பார்த்துத்தான், வண்டி வழியில் அறுந்துபோகாமல் முழுதாக வந்து சேர்ந்தது என்று நிலையத்தில் உறுதிசெய்துகொள்வார்கள்.

கேள்வி: 'பதேர் பாஞ்சாலி' ரயில் காட்சியைப் பற்றி இனிச் சொல்ல ஏதாவது மிச்சம் இருக்கிறதா? (ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: அக்கா துர்காவும் தம்பி அபுவும் ரயிலைப் பார்க்க ஓடும் வெளியின் நாணல் பூக்களைப் பற்றிச் சொல்லலாம். 1952 அக்டோபரில் சத்யஜித் ராய் தம் படப்பிடிப்பைத் தொடங்கியதே அந்தக் காட்சியில்தான். அடுத்த வாரம் மிச்சத்தை எடுக்கப் போனபோது பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் பூக்க ஓராண்டு காத்திருந்தார்கள். நாவலில் துர்கா ரயிலைப் பார்க்காமலே இறந்துபோகிறாள். படத்தில் ரயில் வரும்போது கேமரா பாதையின் மறுபக்கம் போய்விடுகிறது. சுழலும் சக்கரங்களின் இடைவெளியில் அந்தப் பக்கம் இருக்கும் அபு துண்டு துண்டாகத் தெரிகிறான்.

இதோடு ரித்விக் கட்டக்கின் 'கோமல் காந்தார்' படத்தையும் பாருங்கள். முன்பு பத்மா ஆற்றைத் தாண்டிக் கிழக்கு வங்கத்துக்கு ஆட்களைக் கொண்டுசேர்த்த பாதை, பிரிவினைக்குப் பின் ஆற்றங்கரையில் முடிந்துபோகிறது. கேமரா தண்டவாளத்தின் மேல் வேகமாக ஓடி, பாதை முடியும் தடுப்பில் மோதுகிறது, திரை கறுத்துவிடுகிறது.

கேள்வி: வண்டியில் ஏறாமல், நிலையத்தைப் பற்றி மட்டும் ஒரு படம் உண்டா? (நிலைய அதிகாரியின் மகள், அரக்கோணம்)

பதில்: டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுண்ட்டர்' (1945) என்று பலர் சொல்வார்கள், அதில் ஒலிப்பெருக்கியும் தேநீர்க் கடையும்கூட நன்றாக நடித்திருக்கின்றன. உங்களுக்கு நான் சொல்வது யாசுவோ ஃபுருஹாதா இயக்கி 1999-ல் வந்த ஜப்பானியப் படமான 'பொப்போயா'. கென் தகாகுரா பனி மூடிய ஹொரோமாய் என்ற கடைசி நிலையத்தின் அதிகாரி. கைக்குழந்தை நோயால் இறந்து, மனைவி அதன் உடலோடு ரயிலில் திரும்பி வருகிற நாளிலும், அவர் சீருடையில் நடைமேடையில் நின்று கொடி காட்டித்தான் அந்த வண்டியை உள்ளே வாங்குகிறார். உங்கள் தந்தையோடு சேர்ந்து பார்ப்பதா, தனியாகப் பார்ப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கதையில் அவர் ஓய்வுபெறும் காலமும் அந்தக் கிளைப் பாதை மூடப்படும் காலமும் ஒன்றாக வருகின்றன. படம் எடுக்கப்பட்டது ஹொக்கைடோத் தீவின் இகுதோரா நிலையத்தில். 2016-ல் புயல் வெள்ளம் பாதையைச் சிதைத்த பிறகு அங்கே ரயில் வரவில்லை, பேருந்துதான் ஓடியது. 2024 மார்ச் இறுதியில் பாதையின் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள்.