குனிஞ்சுக்கோங்க!

கேள்வி: அன்புள்ள அம்மா, என் மகளுக்கு எட்டு வயது. ஜூனில் பள்ளி திறந்ததும் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். பேப்பரைத் திறந்தாலே பயமாக இருக்கிறது. 3,800 ரூபாய்க்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கிவிட்டேன். நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ‘பெரியவங்க யார் எதை மறைக்கச் சொன்னாலும் அம்மாகிட்ட சொல்லிடணும்’ என்றும் பழக்கியிருக்கிறேன். வேன் டிரைவர் அண்ணன் தங்கமான மனிதர், எல்கேஜியிலிருந்து அவர்தான். வழியில் செக்கிங் இருந்தால் ‘எல்லாரும் குனிஞ்சுக்கோங்க’ என்பாராம். இவள் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுவாளாம். வீட்டில் நடித்துக் காட்டுவாள், சிரித்து மாளாது. கணவர் பத்து மணிக்குத்தான் கடை திறப்பார், காலையில் அவரை எழுப்ப மனசு வராது. இவளுக்கு ஒரு செல்போன் கொடுத்து அனுப்பலாமா? வகுப்பறையில் கேமரா வைத்த பள்ளிக்கு மாற்றலாமா?
(பெயர் வேண்டாம், தாராபுரம்)

பதில்: வாட்ச், கேமரா, செல்போன் எல்லாம் இருக்கட்டும். சிரித்து மாளாது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

செக்கிங்கைப் பார்த்ததும் ஒரு வண்டிக்காரர் பிள்ளைகளை எதற்குக் குனியச் சொல்வார்? யாரும் தலைகளை எண்ணிவிடக் கூடாது என்றுதானே. அப்படியென்றால் உங்கள் மகள் அந்த வண்டியில் கணக்கில் வராத தலை. எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள்.

எங்கள் தெருமுனைக்குக் காலை ஏழே முக்காலுக்கு ஒரு ஆம்னி வேன் வரும். பின்சீட்டைக் கழற்றிவிட்டு எதிரெதிரே இரண்டு பலகை போட்டிருப்பார்கள். அதில் இடம் கிடைக்காதவர்கள் நடுவில் நிற்பார்கள். ஒரு யுகேஜி பொடியன் டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் சூட்டின்மேல் மடித்துப் போட்ட துண்டில் உட்கார்ந்து வருவான். பைகளெல்லாம் வெளியே கொக்கியில் தொங்கும். போன வருஷம் ஒருநாள் நின்று எண்ணினேன். பத்தொன்பது. கடைசிப் பிள்ளை ஏறியதும் டிரைவர் தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளிச் சாத்தினார். அந்தப் பிள்ளையின் அம்மா சிரித்தபடி டாட்டா காட்டினார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று இதைவிடப் பெரிது. பெரியவர்கள் எதை மறைக்கச் சொன்னாலும் அம்மாவிடம் சொல் என்று பழக்கினீர்கள். சரி, அவள் சொல்லிவிட்டாளே! ஒரு பெரிய மனிதர் என்னை ஒளிந்துகொள்ளச் சொன்னார், நான் ஒளிந்துகொண்டேன் என்று அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்து, நடித்தே காட்டியிருக்கிறது. நீங்கள் சிரித்தீர்கள். அந்த டிரைவரைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் ‘அண்ணன் சொன்னால் ஒளியலாம், அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டாள்’ என்பது அவள் மனதில் பதிந்துவிட்டது. நாளைக்கு வேறொருவர் வேறெதற்காவது ‘சத்தம் போடாதே’ என்றால் அவள் இதைத்தான் நினைத்துக்கொள்வாள். நீங்கள் சொல்லிக்கொடுத்த நல்ல தொடுதல் பாடத்தையெல்லாம் உங்கள் சிரிப்பே அழித்துவிட்டதம்மா.

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று பள்ளி பஸ்ஸின் தரை ஓட்டை வழியே கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் மாட்டி இறந்துபோனது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. இன்றைக்கும் மே மாதம் மஞ்சள் பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, தரைப் பலகை, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று ஆர்டிஓ ஆட்கள் தட்டிப் பார்க்கிறார்கள் அல்லவா, அது அந்தக் குழந்தையால் வந்தது. பெற்றோர் தனியாகப் பேசி வைத்துக்கொள்ளும் வேன் அந்த மைதானத்துக்கு வருவதே இல்லை. உங்கள் வேனின் நம்பர் பிளேட் என்ன நிறம்? வெள்ளை என்றால் அது சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகைக்கு ஓட்டும்போது ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடலாம். ஆர்சி புத்தகத்தில் எத்தனை சீட் என்று போட்டிருக்கிறது, கேட்டீர்களா? சின்னப் பிள்ளைகள் என்றால் கொஞ்சம் சலுகை இருக்கலாம். அதுவும் ஓரளவுக்குத்தான்.

தங்கமான மனிதர் என்கிறீர்கள். இருக்கலாம். பெட்ரோல், டயர், வட்டி எல்லாம் அவருக்கும் இருக்கிறது. பக்கத்து வேன் நூறு ரூபாய் குறைவு என்று பேரம் பேசுவதும், மே மாதத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று சண்டை பிடிப்பதும் நாம்தானே? அந்தக் குறைந்த நூறு ரூபாய்க்குத்தான் அவர் இன்னும் இரண்டு பிள்ளைகளைத் திணிக்கிறார். வாட்சுக்கு 3,800 ரூபாய் எடுத்து வைத்த கை, மாதம் முந்நூறு கூடக் கொடுத்து ஒரு முழு சீட் கேட்கக் கூசுகிறதா? விபத்து நடந்த இடத்தை அந்த வாட்ச் சரியாகக் காட்டும், அவ்வளவுதான்.

உங்கள் கணவரிடமும் ஒரு வார்த்தை. எழுப்ப மனசு வராதாம்! எட்டு வயதுப் பிள்ளை ஆறரைக்கு எழுந்து, குளித்து, வேனில் நசுங்கிக்கொண்டு போகிறாள். நாற்பது வயது மனிதர் தூங்க வேண்டும் என்று வீடே பூனை நடை நடக்கிறது. என் கணக்கில் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது அப்பனின் வேலை. உதவி என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள். பைக்கில் போனால் அவளுக்கும் ஹெல்மெட் வேண்டும். நாலு வயது தாண்டினால் சட்டமே கட்டாயம் என்கிறது, விலையும் அந்த வாட்சில் பாதிகூட வராது.

சாயங்காலம் கொண்டு வந்து விட வேன் வேண்டும்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை அதே வேனில் அனுப்பும் நாலைந்து அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எல்லோரும் சேர்ந்து டிரைவரிடம் போங்கள். பணம் கூட்டித் தருகிறோம், இரண்டு நடையாக ஓட்டுங்கள், வாடகைக்கு ஓட்ட பர்மிட் எடுங்கள் என்று கேளுங்கள். முடியாது என்றால் பள்ளி பஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள். நீங்கள் தனியாகப் போனால் ‘வேற வேன் பாத்துக்கோங்க’ என்பார். ஐந்து பேர் போனால் சொல்ல மாட்டார்.

அவளை இன்னொரு தடவை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். இந்தத் தடவை சிரிக்காமல், எங்கே உட்காருகிறாள், கால் வைக்க இடம் இருக்கிறதா, யார் மடியில் யார் என்று கேளுங்கள். ‘இனிமே யார் குனியச் சொன்னாலும் குனியாதே, அம்மா அன்னிக்குச் சிரிச்சது தப்பு’ என்று சொல்லுங்கள். உங்கள் போன் நம்பரும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவளுக்கு மனப்பாடமாக வேண்டும்.

பள்ளி திறக்கும் நாளில் வேன் வாசலில் நின்று தலைகளை எண்ணுங்கள். எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். செல்போன் விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.