மகன் "விளையாட்டுக்குத்தான்" என்கிறான், பள்ளியில் சொல்லலாமா?

வணக்கம் சகோதரி. கைப்பந்து அணியில் புதிதாகச் சேர்ந்த உங்கள் மகனை மூத்த மாணவர்கள் உடைமாற்றும் அறையில் பூட்டி வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அவனோ "எல்லாருக்கும் நடப்பதுதான், சொல்லாதீங்க" என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவனுக்குத் தெரியாமல் வேண்டாம்.

அவன் அதை ராகிங்காக நினைக்காததில் வியப்பில்லை. அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் பல்கலைக்கழகம் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஏதாவது ஒரு குழுவில் இருந்த உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 48 சதவீதம் பேர் இப்படிப்பட்ட செயல்களுக்கு ஆளாகியிருந்தார்கள். அதை ராகிங் என்று சொன்னவர்கள் 14 சதவீதம்தான். அணியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் வரும் "சரி" சம்மதமே அல்ல.

முதலில் அவனைக் குறுக்கிடாமல் பேச விடுங்கள். வந்த செய்திகளை அழிக்க வேண்டாம், அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். நடந்ததைத் தேதியோடு எழுதித் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுங்கள். அவன் பெயர் வெளியே வராமல் அணி முழுவதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். உடைமாற்றும் அறைக்குப் பொறுப்பாக ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துங்கள், இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

செய்கிறவர்களில் பலர் முன்பு இதையே அனுபவித்தவர்களாக இருப்பார்கள். ஒருவனை மட்டும் தண்டித்தால் அடுத்த ஆண்டும் தொடரும். புதியவர்களுக்கு ஆட்டம் கற்றுத்தரும் பொறுப்பை மூத்தவர்களிடம் கொடுக்கும்படி கேளுங்கள்.

தூக்கமோ சாப்பாடோ குறைந்தால், உயிரை வெறுத்துப் பேசினால், பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.