தம்பியை எங்கே அழைத்துச் செல்வது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திருவாரூர்ப் பக்கம். சென்னையில், பெருங்குடியில் வேலை பார்க்கிறேன். 24 வயதுத் தம்பி என்னோடு வேளச்சேரியில் தங்கியிருக்கிறான். அவனுக்கு வேலை போய் நான்கு மாதங்கள் ஆகின்றன. இரவெல்லாம் விழித்திருக்கிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை, நண்பர்கள் அழைத்தாலும் போனை எடுப்பதில்லை. போன வாரம், "நான் இல்லையென்றால் உங்களுக்கெல்லாம் பாரம் குறையும்" என்றான். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பலர் போகும் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார் அம்மா. கீழ்ப்பாக்கம் என்ற பேச்சை எடுத்தாலே தம்பி எழுந்து போய்விடுகிறான். இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த இரவே தொலைபேசி எண்களை மட்டும் தனியாக அனுப்பியிருந்தேன். இதே கவலையோடு இந்த நகரத்தில் வேறு பலரும் இருப்பார்கள் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தம்பி சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை விரக்தியில் வந்த பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்பதும், சொல்ல ஆள் கிடைத்ததில் பெரும்பாலானோருக்குப் பாரம் இறங்குகிறது என்பதும் மனநல மருத்துவர்கள் ஆய்வுகளிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்வது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் ஆபத்தான பிற பொருட்களையும் அவர் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். எப்படி, எப்போது என்பதையெல்லாம் அவர் யோசித்துவைத்திருக்கிறார் என்று தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசுப் பொது மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அந்த நேரத்திலேயே அழைத்துப் போங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தயங்கி நின்றுவிடுகின்றன. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு, நோயாளியைப் பற்றிய விவரங்களை மருத்துவமனை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. நாளை அவருடைய வேலைக்கோ கல்யாணத்துக்கோ இது தடையாகுமோ என்று அம்மா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய இந்தச் சேவை எந்நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ஆலோசகர் முதலில் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார். தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104க்கும் அழைக்கலாம். சென்னையிலேயே, மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. அதன் எண் 044-24640050. அங்கே பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். மருந்து எழுதித் தருவதும் புத்திமதி சொல்வதும் அவர்களுடைய வேலையில்லை. முழுக்கக் காதுகொடுத்துக் கேட்பார்கள். தம்பி உங்களிடம் சொல்லத் தயங்குவதை முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லக்கூடும்.

இனி மருத்துவமனை. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரை நாம் பல தலைமுறைகளாக வசைச்சொல்லாகவே பயன்படுத்திவிட்டோம். உங்கள் தம்பி எழுந்து போவது அந்த வசைக்குப் பயந்துதான். அங்கிருக்கும் அரசு மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கப்பட்டு, 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்த பழைய நிறுவனம். இன்று அங்கே புறநோயாளியாகப் போய், மருத்துவரைப் பார்த்துவிட்டு, மருந்தோடு அன்றே வீடு திரும்பலாம். ஆனாலும் அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஏறிப் பூங்கா நகரில் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை நடந்து போகும் தூரம். வேலை நாளில் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் அண்ணனை இப்படி ஒரு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். பிரிவின் பெயர் வெளியே தெரியாதபடி ஓ.பி. சீட்டை எட்டாக மடித்து உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தார். நெடுநேரம் கழித்து, பெஞ்சில் இருந்த பாதிப்பேர் அதையேதான் செய்கிறார்கள் என்பதைக் கவனித்து, என் தோளைத் தொட்டுக் காட்டினார். அந்த வருடத்தில் அவர் தாமாக என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை. உள்ளே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "தூக்கம் எப்படி இருக்கிறது?" என்பது. அதற்கு முன்னால் ஒரு தனியார் மருத்துவரிடம் போயிருந்தோம். அவர் ஐந்து நிமிடங்களில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்கான மருந்து வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்பதைச் சொல்லவில்லை. பத்தாவது நாள், ஒன்றும் மாறவில்லை என்று அண்ணன் நிறுத்திவிட்டார். எங்களுக்கு இரண்டு மாதங்கள் வீணாயின. ஆகவே, எப்போது குணம் தெரியும், என்ன பக்கவிளைவு வரும், அடுத்து எப்போது வர வேண்டும் என்று நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது.

தனியாரிடம் போவதென்றால் பெயர்ப்பலகையைக் கவனியுங்கள். மருந்து எழுதும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவராக இருக்க வேண்டும். பேச்சுவழிச் சிகிச்சை தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஒருவேளை தம்பி காதில் குரல்கள் கேட்பதாகவோ, யாரோ தன்னைக் கண்காணிப்பதாகவோ சொன்னால், மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய, அண்ணா நகரிலுள்ள, மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பையும் அணுகலாம்.

அம்மாவோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சிக்கி இறந்ததை மறக்க முடியாது என்பதால், சிகிச்சையின்றி எங்கும் கொண்டுபோய் விடுவதை நான் எதிர்ப்பேன். ஆனால் சாமி கும்பிடுவது வேறு. குணசீலத்திலேயே கோயிலை ஒட்டி உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. மருந்து தொடங்கி, தம்பி கொஞ்சம் தூங்க ஆரம்பித்த பிறகு எல்லோரும் ஒருமுறை போய் வாருங்கள். அம்மாவுக்கும் ஆறுதலாக இருக்கும்.

கடிதம் முழுவதும் தம்பியின் தூக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊரிலிருந்து அம்மாவையோ நம்பிக்கையான உறவினர் ஒருவரையோ சில நாட்களுக்கு வரச்சொல்லி, இரவுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 14416க்கு நீங்களும் அழைக்கலாம். மருத்துவமனைக்குப் போய்வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.