தேதி இல்லாத சிறை: வாசகர் கேள்விகள்

குற்றச்சாட்டு இல்லாமல் இஸ்ரேல் சிறையில் வைத்திருக்கும் பாலஸ்தீனக் கைதிகளின் பட்டினிப் போராட்டம் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும், சேர்த்துவிட்டேன்.

கேள்வி: குற்றச்சாட்டே இல்லாமல் ஒருவரை எப்படிச் சிறையில் வைக்க முடியும்? நீதிமன்றம் என்று ஒன்று இல்லையா?

பதில்: இருக்கிறது, அதுதான் விந்தை. இஸ்ரேல் இதை நிர்வாகக் காவல் என்கிறது. நமக்குப் பழகிய சொல்லில் தடுப்புக் காவல். இஸ்ரேலிய ராணுவத்தின் பிடியில் உள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் ராணுவத் தளபதியின் கையெழுத்து ஒன்று போதும், ஆறு மாதம் வரை உள்ளே வைக்கலாம். ராணுவ நீதிபதி ஒருவர் அந்த உத்தரவைப் பரிசீலிக்கிறார். ஆனால் அவர் படிக்கும் ரகசியக் கோப்பைக் கைதியும் பார்க்க முடியாது, கைதியின் வழக்கறிஞரும் பார்க்க முடியாது. எதை மறுத்து வாதாடுவது? ஆறு மாதம் முடிந்தால் இன்னோர் ஆறு மாதம். இத்தனை முறைதான் நீட்டிக்கலாம் என்ற வரம்பு கிடையாது.

இதன் வேர் பிரிட்டிஷ்காரர்கள் பாலஸ்தீனத்தில் கொண்டுவந்த 1945ஆம் ஆண்டு அவசரகால விதிகளில் இருக்கிறது. அன்று அவை யூதத் தலைமறைவு இயக்கத்தினர் மீதும் பாய்ந்தன. தாக்குதல்களைத் தடுக்கவும் உளவு சொன்னவரைக் காப்பாற்றவும் வேறு வழியில்லை என்பது இஸ்ரேலின் வாதம். நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 78ஆவது பிரிவு தவிர்க்க முடியாத பாதுகாப்புக் காரணங்களுக்காக இத்தகைய காவலை அனுமதிக்கவும் செய்கிறது. அவசரத்துக்கு வைத்த பின்வாசலை அன்றாடத் தலைவாசலாக்கிவிட்டார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

கேள்வி: யூதர்கள் மீது இந்தக் காவல் பயன்படுத்தப்பட்டதே இல்லையா?

பதில்: மேற்குக் கரையில் குடியேறிய யூதர்களில் சிலர் மீது பயன்படுத்தப்பட்டது. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ் அவர்களுக்கு மட்டும் அதை நிறுத்துவதாக அறிவித்தார்.

கேள்வி: தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்களா?

பதில்: குடிப்பார்கள், உப்புப் போட்டு. 'நீரும் உப்பும்' என்பது அவர்களிடையே போராட்டத்துக்கே பெயராகிவிட்டது. இன்னொரு பெயர் 'வெற்று வயிறுகளின் போர்'. தண்ணீரையும் மறுத்தால் என்ன ஆகும் என்பது 1987இல் நல்லூரில் பன்னிரண்டாம் நாளில் உயிர்விட்ட திலீபனை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: 141 நாள் உண்ணாவிரதம் என்று செய்தியில் படித்தேன். மனித உடலுக்கு இது சாத்தியமா?

பதில்: சந்தேகம் நியாயமானதே. 1981இல் வட அயர்லாந்துச் சிறையில் பட்டினி கிடந்து இறந்த பத்துப் பேரும் 46 முதல் 73 நாட்களுக்குள் இறந்தார்கள். நீரையும் உப்பையும் மட்டும் நம்பினால் உடலின் எல்லை ஏறக்குறைய அதுதான். நீங்கள் படித்தது ஹிஷாம் அபு ஹவ்வாஷ் என்ற கைதியைப் பற்றி. 2022 ஜனவரியில் முடித்துக்கொண்டார். இவ்வளவு நீளும் போராட்டங்களில் வைட்டமினோ மருத்துவமனையில் ஏற்றும் திரவமோ இடையில் சேர்ந்திருப்பதுண்டு. இன்னொரு கைதி கலீல் அவாவ்தே 2022இல் நடுவே நிறுத்தி, கொடுத்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று மீண்டும் தொடங்கினார். இதையெல்லாம் ஏமாற்று என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: தயாமின் என்கிற வைட்டமின் பி1 தீர்ந்துபோனால் கண் நிலைகொள்ளாது, நடை தள்ளாடும், நினைவு குழம்பும். அந்தச் சேதம் உண்ணாவிரதம் முடிந்த பிறகும் தங்கிவிடலாம். முதல் கவளத்திலும் ஆபத்து இருக்கிறது. வெகுநாள் காய்ந்த உடலுக்குள் திடீரென்று உணவு போனால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நின்றுவிடக்கூடும். கஞ்சியைக் கூட அளந்துதான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: சாகவிடாமல் வலுக்கட்டாயமாக ஊட்டிவிடலாமே?

பதில்: 1980இல் நஃப்ஹா சிறையில் குழாய் வழியே ஊட்டினார்கள். கைதிகள் இருவர் அதன் பின் இறந்தார்கள். அப்படியிருந்தும் 2015 ஜூலையில் இஸ்ரேலிய நாடாளுமன்றம் நீதிமன்ற அனுமதியோடு ஊட்ட வழிசெய்யும் சட்டத்தை 46க்கு 40 என்ற வாக்கில் நிறைவேற்றியது. அதை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றது இஸ்ரேலிய மருத்துவர் சங்கம். தெளிந்த மனத்தோடு உணவை மறுப்பவருக்கு ஊட்டக் கூடாது என்ற உலக மருத்துவச் சங்கத்தின் 1991ஆம் ஆண்டு மால்டா பிரகடனம் அவர்களையும் கட்டும். அதே கோடையில் வழக்கறிஞர் முகமது அல்லான் பட்டினி கிடந்தபோது அவருக்கு ஊட்ட மருத்துவர்கள் முன்வரவில்லை. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

கேள்வி: இத்தனை பாடுபட்டு என்ன கிடைத்தது? சட்டம் அப்படியேதானே இருக்கிறது?

பதில்: அப்படியேதான் இருக்கிறது. 2014இல் தடுப்புக் காவல் கைதிகள் கூட்டாக இரண்டு மாதம் பட்டினி கிடந்தும் அது அசையவில்லை. தனியாகப் போராடியவர்களுக்குக் கிடைத்தது ஒரு தேதி. பத்தாண்டுத் தண்டனை பெற்றவன் சுவரில் கோடு கிழித்து நாளைக் குறைத்துக்கொண்டே வரலாம். இவர்களுக்கு எண்ணத் தொடங்கவே ஓர் எண் கிடையாது. ஆகவே பேரம் முழுக்க, 'இந்த உத்தரவோடு சரி, இனி நீட்டிப்பு இல்லை' என்ற ஒரு வரிக்குத்தான். ஜெனின் அருகே அர்ராபாவைச் சேர்ந்த ரொட்டிக் கடைக்காரர் காதர் அத்னான் 66 நாள் கிடந்து 2012 ஏப்ரல் 17 என்ற தேதியை வாங்கினார். அன்றே வெளியே வந்தார். எல்லாத் தேதியும் காப்பாற்றப்படுவதில்லை. அவாவ்தேக்குச் சொன்னது 2022 அக்டோபர் 2. அவர் வெளியே வந்ததோ 2023 பிப்ரவரியில்.

கேள்வி: 2012இல் வென்ற காதர் அத்னான் பிறகு ஏன் இறந்தார்?

பதில்: 2023 பிப்ரவரியில் பிடித்தபோது தடுப்புக் காவலில் வைக்கவில்லை; இஸ்லாமிய ஜிஹாத் என்ற பாலஸ்தீன ஆயுத அமைப்பில் உறுப்பினர், வன்முறையைத் தூண்டினார் என்று ராணுவ நீதிமன்றத்தில் குற்றம் சாட்டினார்கள். நீட்டிக்க மாட்டோம் என்று ஒப்புக்கொள்ள அங்கே உத்தரவே இல்லை. வழக்கு நடக்கும், அவ்வளவுதான். 86 நாள் பட்டினிக்குப் பின் மே 2 விடியலில் சிறை அறையில் நினைவிழந்து கிடந்தார். ஒன்பது பிள்ளைகளின் தந்தை.

கேள்வி: இப்போதும் உண்ணாவிரதம் நடக்கிறதா? செய்தியே வருவதில்லையே?

பதில்: செய்தி வராததற்குக் காரணம் உண்டு. பட்டினிப் போராட்டத்துக்குச் சிறைக்கு வெளியே ஒரு காது வேண்டும்: மனைவி, வழக்கறிஞர், செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி. ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7க்குப் பின் குடும்பச் சந்திப்புகளும் செஞ்சிலுவைச் சங்கத்தின் வருகைகளும் நிறுத்தப்பட்டன. தடுப்புக் காவலில் இருப்போர் எண்ணிக்கையோ மூவாயிரத்தைத் தாண்டியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உணவை மறுக்க வேண்டுமென்றால் முதலில் தட்டு வர வேண்டும். 2025 செப்டம்பரில் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றமே பாலஸ்தீனக் கைதிகளுக்கு அரசு போதிய உணவு தரவில்லை என்று கண்டு, உயிர் வாழத் தேவையான அளவுக்கு மூன்று வேளை கொடுக்கும்படி உத்தரவிட்டது.