பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எட்டு அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் சரிவருமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையைப் பாட்டுப் பதிவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ. பெரும்பாலும் அம்மன் பாடல்களும் நாட்டுப்புறப் பாடல்களும்தான். உடுக்கை, பம்பை, உருமி எல்லாம் வரும். ஏற்காட்டில் நண்பர் வீட்டில் 8 அங்குல மானிட்டர் (பதிவைக் கேட்டுச் சரிபார்க்கும் ஸ்பீக்கர்) கேட்டேன். பழைய ஓட்டு வீடு, கூடம் 24 அடிக்கு 18 அடி. உருமி நெஞ்சில் வந்து இடித்தது. கடைக்காரரும் 8 அங்குலமே வாங்கச் சொல்கிறார். 5 அங்குலம் போதும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இன்னொருவர் பேச்சைக் கேளுங்கள். 5 அங்குலம் வாங்கி, மிச்சப் பணத்தை அறைக்குச் செலவிடுங்கள். ஏற்காட்டில் நீங்கள் கேட்டதில் ஸ்பீக்கரின் பங்கு பாதி, அந்தக் கூடத்தின் பங்கு பாதி. கடையில் வாங்கி வர முடிவது முதல் பாதி மட்டும்.

சின்ன அறையில் கீழ் ஒலி (பேஸ்) 'வளர' இடமில்லை என்று சிலர் காரணம் சொல்வார்கள். அது தவறு. காருக்குள் உட்கார்ந்தும் கேட்கிறோம், காதோடு ஒட்டிய ஹெட்ஃபோனிலும் கேட்கிறோம்; அங்கெல்லாம் கீழ் ஒலி வரத்தான் செய்கிறது. சின்ன அறையில் கீழ் ஒலி தாராளமாக வரும். ஆனால் ஓரிடத்தில் பொங்கி, இன்னோரிடத்தில் வற்றி, தாறுமாறாக வரும்.

ஒரு டேப்பும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 1,130 அடி போகும். சேலத்துச் சித்திரை வெயிலில் சற்றுக் கூடும். நம் கணக்குக்கு இது போதும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்புவதால், 1,130-இல் பாதியான 565-ஐ அறையின் அடி அளவால் வகுத்தால் அந்த இரு சுவர்களுக்குள் அறை 'பாடும்' முதல் அதிர்வெண் கிடைக்கும். உங்கள் 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 47 அதிர்வு. 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் சொச்சம்.

உங்கள் அறையின் குறை இங்கேதான் இருக்கிறது. அகலமும் 10, உயரமும் 10. இரண்டும் ஒரே 56-இல் பாடும். அதன் இரட்டிப்பான 113-இலும் சேர்ந்தே பாடும். அகலத்தின் நடுவில், காது தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கும்படி உட்கார்ந்தால் 56 ஹெர்ட்ஸ் ஏறக்குறையக் காணாமல் போகும், 113 ஹெர்ட்ஸ் வீங்கித் தெரியும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மந்திர ஸ்தாயிச் சதுச்ருதி தைவதம் 110 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தைத் தொடும்போதெல்லாம் பாடகரின் குரல் திடீரென்று கனத்ததுபோல் உங்களுக்குக் கேட்கும். குரலில் கோளாறு என்று நினைத்து, குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஏற்றி இறக்கும் ஈக்குவலைசரில் வெட்டுவீர்கள். வெளியே போட்டால் அதே இடத்தில் குரல் மெலிந்து நிற்கும்.

நானே இதில் சூடுபட்டவன். பல ஆண்டுகளுக்கு முன், மூன்று பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவான அறை, நட்ட நடுவில் நாற்காலி, முன்னால் புத்தம் புதிய 8 அங்குல ஜோடி. ஆடி மாதத்துக்கு ஓர் அம்மன் பாடல். உருமி போதவில்லை என்று ஏற்றினேன், இன்னும் போதவில்லை என்று மறுபடியும் ஏற்றினேன். திருவிழாவில் அடுக்கி வைத்த பெட்டிகளில் அது ஒலித்தபோது எதிர்வீட்டு அலமாரிப் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. பாடிய அம்மாவின் குரலைத் தேட வேண்டியிருந்தது. ஒலி வற்றிப்போன குழியில் உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைக் குறை சொல்லியிருக்கிறேன். அந்தக் குழியில் எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது. ஊற்றிய அளவுக்கு அறையின் மூலைகள்தான் முழங்கும்.

இனி அங்குலக் கணக்கு, அதாவது கீழ் ஒலியைத் தரும் ஊஃபரின் விட்டம். யமஹா எச்எஸ் வரிசையை எடுத்துக்கொண்டால், 5 அங்குல எச்எஸ்5 கீழே 54 ஹெர்ட்ஸ் வரை, எச்எஸ்7 43 வரை, 8 அங்குல எச்எஸ்8 38 வரை என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை எட்டும்போது ஒலியின் அளவு ஏற்கெனவே 10 டெசிபல் இறங்கிவிட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆகவே எச்எஸ்5 உங்கள் அறையின் 56-ஐ லேசாகத் தட்டும், 47-ஐ ஏறக்குறையத் தொடாது. எச்எஸ்8 இரண்டையும் பலமாகவே எழுப்பிவிடும். 5 அங்குலத்தில் கேட்பதற்குக் குறைவாக இருக்கும், ஆனால் கேட்பதை நம்பலாம். பாட்டுக்குச் சமநிலை பார்ப்பவருக்கு நம்பிக்கை பெரிது, நெஞ்சில் இடிப்பது சிறிது.

அங்குலத்தை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. ஜேபிஎல் 305பி மார்க் 2-வும் 5 அங்குலம்தான்; அதே 10 டெசிபல் கணக்கில் அது 43 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். உங்கள் அறைக்கு இந்த இரண்டில் எச்எஸ்5-ஐயே நான் எடுப்பேன். பின்பக்கம் ரூம் கன்ட்ரோல் என்று ஒரு சுவிட்ச் உண்டு; சுவரை ஒட்டி வைக்கும்போது 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைத்துக்கொள்ளலாம்.

8 அங்குலப் பெட்டிக்கு இன்னொரு தொல்லை, அதன் ஆழம். எச்எஸ்8-இன் ஆழம் 13 அங்குலம், எச்எஸ்5-க்கு 9-க்கும் குறைவு. 12 அடி அறையில் இந்த நான்கு அங்குலம் உங்கள் நாற்காலியின் இடத்தையே மாற்றும். தவிர, பெரிய ஊஃபரின் ஒலியும், மேல் ஒலியைத் தரும் ட்வீட்டரின் ஒலியும் ஒன்றாகக் கலந்து வர நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும். தள்ளிப் போனால் அறையின் நடுக்குழி காத்திருக்கிறது.

ஏற்காட்டுக் கூடத்தையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். 24 அடிக்கு 23 ஹெர்ட்ஸ் சொச்சம், 18 அடிக்கு 31. முதல் முழக்கங்கள் இரண்டும் ஸ்பீக்கரின் எல்லைக்குக் கீழே போய்விட்டன. மேலே வருபவை நெருக்கமாக, ஒன்றோடொன்று கலந்து வருவதால் தனியாக எதுவும் துருத்தாது. ஓட்டுக் கூரை வேறு. சாய்வாக, இடுக்குகளோடு, கீழ் ஒலியை வெளியே கசியவிடும். கான்கிரீட் தளமோ வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். அந்த வீட்டில் 8 அங்குலம் பொருத்தம். நண்பர் சரியாகத்தான் வாங்கியிருக்கிறார்.

வைக்கும் இடம் வாங்கும் பொருளைவிட முக்கியம். நீங்கள் 10 அடிச் சுவரைப் பார்த்து உட்காருங்கள். நீளம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போகட்டும். ஸ்பீக்கரின் முகம் முன்சுவரிலிருந்து ஒன்றரை அடி. இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே மூன்றரை அடி, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கு அதே மூன்றரை அடி. அப்போது காது முன்சுவரிலிருந்து நாலரை அடியில் வரும். அது 12 அடியில் ஏறக்குறைய 38 விழுக்காடு. நீளவாக்கிலான குழியிலும் முகட்டிலும் சிக்காத இடம் என்று கணக்கு சொல்கிறது. அங்கிருந்து தொடங்கி அரையடி முன்னும் பின்னும் நகர்ந்து காதால் முடிவு செய்யுங்கள். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும். இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் சம தூரத்தில் இருக்க வேண்டும்.

பீரோவை முடிந்தால் வெளியேற்றுங்கள். உருமியின் ஓர் இழுப்புக்கு அதன் கதவு பதில் சொல்லும். கட்டிலும் மெத்தையும் இருக்கட்டும், பின்சுவரோரம் நல்ல வேலை செய்யும்.

அறைக்குச் செலவு என்றதும் முட்டை அட்டை நினைவுக்கு வந்திருக்கும். நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு அது மலிவாகக் கிடைப்பது ஒரு துரதிர்ஷ்டம். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 அடி. மெல்லிய அட்டையை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஓர் அங்குல ஃபோமும் அப்படித்தான். மேல் ஒலியை மட்டும் அவை கொஞ்சம் தின்று, அறையை இன்னும் மந்தமாக்கும். தீப்பற்றும் ஆபத்து வேறு.

தடிமன்தான் வேலை செய்யும். நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரைவரை ராக்வூல் (கல்லை உருக்கிப் பஞ்சாக்கியது) பலகைகள், குறைந்தது 6 அங்குலத் தடிமனில், மூலைக்குக் குறுக்கே பின்னால் வெற்றிடம் விட்டு நிறுத்துங்கள். ஸ்பீக்கர்களுக்குப் பின்னாலும் இரு பக்கச் சுவர்களிலும் தலைக்கு மேலும் 4 அங்குலம். போர்த்தும் துணிக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று எளிதாகப் போனால் சரியான துணி. ராக்வூலைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் வேண்டும். இதெல்லாம் செய்தாலும் 56-இன் குழி முழுவதும் மறையாது. முழக்கம் நீண்டு இழுப்பது குறையும், அதுவே பெரிய லாபம். பிறகு வேண்டுமானால் 7 அங்குலத்தை யோசிக்கலாம். அதற்கு முன் வேண்டாம்.

அம்மாபேட்டை என்பதால் ஒன்று கேட்டுவிடுகிறேன்: பக்கத்தில் விசைத்தறி ஓடுகிறதா? தறிச் சத்தத்தை மீறுவதற்காகவே பெரிய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் உண்டு. அது வேண்டாம். செல்போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, காது இருக்கும் இடத்தில் 75 டெசிபலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரை அடி தூரத்தில் 5 அங்குலத்துக்கு அது அலட்டலே இல்லை. முக்கியமான முடிவுகளைத் தறி ஓயும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். மின்விசிறியையும் அப்போது நிறுத்திவிடுங்கள், பத்து நிமிடம் வியர்த்தால் பரவாயில்லை. கம்பிகளைப் பொறுத்தவரை, கணினியை ஸ்பீக்கரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து, இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு கேபிள், எர்த் சரியாக உள்ள மூன்று முனை பிளக். இரைச்சல் வந்தால் எர்த் முனையை ஒடித்துவிடச் சொல்லும் யோசனைக்குக் காது கொடுக்காதீர்கள்.

உருமியின் அடியாழத்தை 5 அங்குலம் முழுதாகச் சொல்லாது. அதற்கு ஒரு நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுச் சரிபாருங்கள். பாட்டு முடிந்ததும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, காரில் ஒலிக்கவிட்டபடியே ஏற்காட்டுக்குப் புறப்படுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிவதற்குள் கார் ஸ்பீக்கரில் எது துருத்துகிறது என்று தெரிந்துவிடும். மிச்சத்தை நண்பரின் 8 அங்குலம் சொல்லும்.