அகதியாக வந்தபோது கொண்டுவந்த பழைய துணியைத் துவைக்கலாமா?

கேள்வி: அம்மம்மா நாட்டை விட்டு வரும்போது கொண்டுவந்த கைத்தையல் துணி ஒன்று மஞ்சள் பிடித்து, பூஞ்சண மணத்தோடு பெட்டியில் கிடக்கிறது. துவைத்து வைக்கலாமா, எறிந்துவிடலாமா?

துவைக்காதீர்கள். தயவுசெய்து தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நான் துணி பாதுகாப்புப் படித்தவள் இல்லை. ரொறன்ரோவில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது என் வேலை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது. அப்படி ஒரு துணியை நானே துவைத்தேன்.

2011இல் பாத்தர்ஸ்ட் வீதியில் ஒரு யூத அம்மாவைப் பார்க்க அனுப்பினார்கள். அவருக்கு அப்போது எண்பது வயது. 1930இல் திரான்சில்வேனியாவில் பிறந்தவர். 1940இல் அந்தப் பகுதி ருமேனியாவிடமிருந்து ஹங்கேரிக்குப் போனது. 1944இல் அங்கிருந்த யூதர்களை ரயிலேற்றி, நாசிகளின் கொலை முகாமான அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். பதின்மூன்று வயதில் இறங்கியவர், வரிசையில் யாரோ காதுக்குள் சொல்ல, பதினாறு என்று சொல்லியிருக்கிறார். அதனால் வேலைக்கு எடுத்தார்கள். தாயும் தம்பியும் மற்றப் பக்கம். 1945 ஏப்ரலில் பிரித்தானியப் படை ஜெர்மனியில் இருந்த பெர்கன்-பெல்சன் என்ற இன்னொரு நாசி முகாமுக்குள் வந்தபோது இவர் அங்கே உயிரோடு இருந்தார்.

அதற்குப் பிறகு அதே இடத்தில், பக்கத்து இராணுவக் குடியிருப்பில் அமைந்த அகதி முகாமில்தான் இரண்டரை வருடத்துக்கு மேல் இருந்தார். அங்கே ஓ.ஆர்.டி என்ற யூத அமைப்பு தொழிற்பள்ளி நடத்தியது. இவர் தையல் வகுப்பு. வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாலஸ்தீனம், அமெரிக்கா, பெல்ஜியம் என்று பிரியத் தொடங்கியபோது, ஒரு வெள்ளைத் துணியில் எல்லோருடைய பெயரையும் எழுதி வாங்கியிருக்கிறார். மொத்தம் 22 பேர். பென்சிலால் எழுதிய பெயருக்கு மேலே சிவப்பு நூல் ஓட்டித் தைப்பது அவருடைய வேலை.

கனடா அவரை எடுத்ததும் சும்மா நடக்கவில்லை. 1939இல் ஜெர்மனியிலிருந்து தப்பி செயின்ட் லூயிஸ் கப்பலில் வந்த யூதர்களை ஏற்க மறுத்த நாடு இது. 1947 ஏப்ரலில்தான் ஆயிரம் யூத அநாதைப் பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும், தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லாதவராக இருக்க வேண்டும். செலவு முழுவதையும் கனடிய யூதர்களே பொறுப்பேற்க வேண்டும். கடைசியில் 1,123 பேர் வந்தார்கள். வளர்க்க முன்வந்த பல குடும்பங்கள் சின்னப் பெண்பிள்ளைகளைத்தான் எதிர்பார்த்தன. கப்பலில் இறங்கியவர்களோ பெரும்பாலும் பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுக்காரர். யுத்தத்தில் சின்னப் பிள்ளைகள் தப்பவில்லையே.

இவர் 1948இல் பதினேழு வயதில் ஹலிஃபாக்ஸ் துறைமுகத்தில், 21ஆம் இலக்கத் துறையில் இறங்கினார். கப்பலில் வரும்போது ஒன்பது பெயரைத் தைத்து முடித்திருந்தார். அதோடு நூல் தீர்ந்துவிட்டது. பிறகு ஸ்பதைனா வீதி உடுப்புத் தொழிற்சாலைகளில் முப்பது வருடம் தைத்தார். அங்கே ஆயிரம் நூற்கட்டை இருந்தது, அந்தச் சிவப்பு மட்டும் கிடைக்கவில்லை என்றார். மிச்சம் 13 பெயர் பென்சிலாகவே இருந்தன.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதல் கிழமையில் தெரிந்தது ஒன்றுதான்: தலையணை உறைக்குள் ஒரு ஊத்தைத் துணி. அவர் மதியம் நித்திரை கொள்ளும்போது, எழும்பினால் சந்தோசப்படுவார் என்று நினைத்து, குசினித் தொட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் விட்டு ஊறப் போட்டேன். திரும்பிப் பார்க்கிறேன், தண்ணீர் ஊதா நிறம்.

அந்தக் காலத்தில் நனைந்தால் ஊதாவாக மாறும் ஒரு பென்சில் இருந்தது. எங்கள் அப்பா தபால் கந்தோரில் அதைத்தான் பாவித்தார், நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் துணியை வெளியே எடுக்கும்போது ஒன்பது சிவப்புப் பெயர்களும் ஒரு ஊதாக் கறையும்தான் மிச்சம்.

அவர் கத்தவில்லை. முகாமையாளருக்குத் தொலைபேசி எடுக்கவும் இல்லை. துணியை மடியில் விரித்துவைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு, "பேப்பர் எடு, மெய்டலே" என்றார். ஐரோப்பிய யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் பெண்பிள்ளையை அப்படிக் கூப்பிடுவார்களாம். மருந்துக்கடைக் கடிதாசிப் பையொன்றுதான் கைக்கு அகப்பட்டது. அவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எனக்கு அந்தப் பெயர்களை இங்கிலீஷில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, நிறுத்திக் கேட்கவும் பயம். ஆகவே தமிழில் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் சொன்னதைக் குறித்தேன்: ஹைஃபா போனவள், புரூக்ளின் போனவள், மெல்பேர்ன் போய் இரண்டு கடிதம் போட்டவள்.

அன்றைக்குப் பதினொரு பெயர் வந்தது. மூன்று நாள் கழித்து இன்னொன்று. பதின்மூன்றாவது வரவே இல்லை. அந்தப் பிள்ளை நன்றாகப் பாடுவாள், முன்பல்லில் இடைவெளி, இவருக்குக் காய்ச்சல் வந்தபோது தன் சூப்பைக் கொடுத்தவள். முகம் தெரிகிறது, பெயர் வருதில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். அறுபத்துமூன்று வருடம் அந்தத் துணி அந்தப் பெயரை வைத்திருந்தது. அதனால் அவர் மனப்பாடம் பண்ணி வைக்கத் தேவைப்படவில்லை.

இங்கே சிலர் கேட்பார்கள், எனக்குத் தெரியும். எங்கள் சனத்தின் கதையை விட்டுவிட்டு யூதர் கதை எதற்கு, இன்றைக்கு காஸாவில் நடப்பதைப் பார்க்கவில்லையா என்று. பார்க்கிறேன், நித்திரையும் கெட்டிருக்கிறேன். ஆனால் நான் எழுதுவது 1948இல் தாய் தகப்பன் இல்லாமல் கப்பல் ஏறிய ஒரு பிள்ளையைப் பற்றி. அவர் யாருடைய வீட்டையும் பறிக்கவில்லை. இன்னும் சிலர், பராமரிப்பவள் வீட்டு விசயத்தை வெளியே எழுதலாமா என்பார்கள். மகனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் சொல்லவில்லை.

எழுத வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அந்த அம்மாவிடம் காலை இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம். ஸ்காபரோவிலிருந்து போய்வரும் நேரத்துக்கு ஒரு சதம் தரமாட்டார்கள், இடைப்பட்ட நேரத்துக்கும் தரமாட்டார்கள். பனியில் பஸ் தரிப்பிடத்தில் நின்று வாழ்க்கை போகிறது. "கூடுதலாக ஏன் இருந்தாய்" என்று மட்டும் கேட்பார்கள். பெயர்கள் எழுதிய நாளில் ஒன்றரை மணித்தியாலம் கூட இருந்தேன், அதற்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் துணிக்கு வருகிறேன். பூஞ்சணம் என்றால் மற்றத் துணிகளோடு வைக்காதீர்கள். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காயவிடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். பிளாஸ்டிக் பைக்குள் அடைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். அமிலமில்லாத கடிதாசியில் சுற்றி, மடிக்காமல், முடியாவிட்டால் தளர்வாக உருட்டி வையுங்கள். அதற்கு முன்னம் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். மை, பென்சில் அடையாளம் எங்கேயாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அம்மம்மா இருக்கிறா என்றால் பக்கத்தில் இருத்திக் கேட்டு எழுதுங்கள்.

அந்த அம்மா 2014இல் போய்விட்டார். செயின்ட் லூயிஸ் கப்பலுக்காகக் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2018 நவம்பர் 7ஆம் தேதி. அதைக் கேட்க அந்த அம்மா இருக்கவில்லை. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மகன் தாயின் பெட்டியைத் திறந்திருக்கிறார். துணிக்குள் மருந்துக்கடைப் பை, அதில் தெரியாத எழுத்து. என்னைத் தேடிப்பிடித்துப் படம் அனுப்பி, வாசிக்கச் சொன்னார்.

தமிழில் எழுதியதன் சிக்கல் அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் ஒரே ப, ஒரே க. மூன்று பெயரில் எது எந்த ஒலி என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடி, அந்த அம்மா சொன்ன குரலை நினைத்து நினைத்துச் சொன்னேன். மகன் மற்றப் பக்கத்தில் இங்கிலீஷில் எழுதினார். பன்னிரண்டு பெயரும் முடிந்தது.

"கடைசியாக இன்னொரு வரி இருக்கே?" என்றார்.

அதையும் வாசித்தேன். "பாட்டுப் பாடுவாள். முன்பல் இடைவெளி. சூப் தந்தவள்."